வலையில் ஒட்டிய மெழுகு

இன்று காலை மருமகள் பழைய வலை ஒன்று கேட்டாள். மயில் வந்து மிளகாய்க் கன்றுகளைக் கொத்துகிறதாம், பாத்தியைச் சுற்றிக் கட்ட வேண்டுமாம். கொட்டிலுக்குள் கிடந்த மூட்டையை அவிழ்த்தேன். கடல் மணம் எப்போதோ போய்விட்டது. மெழுகுதிரி மணம்தான் வந்தது. கண்ணிகளில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, அன்று உன் கையில் இருந்த திரியின் மெழுகு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதி முடிக்கப் பொழுதுபட்டுவிடும். உனக்குத்தானே எழுதுகிறேன், பிழை பிடிக்க மாட்டாய்.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து அக்கரைக்கு, இந்தியாவுக்கு ஓடி, அங்கே முகாமில் இருந்து, பிறகு எங்கள் மாம்புரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நீ. அந்த முகாம் நாட்களில் உனக்குச் சினேகிதமானவள் இராமேஸ்வரத்து மீன்காரி ஒருத்தி. அவளும் நாடகம் எழுதுவாள், நீயும் எழுதுவாய். இரண்டு நாட்டு ஆண்களும் கடலில் மோதிக்கொண்டு கிடக்க, நீங்கள் இருவரும் போனில் நாடகம் மாற்றிக்கொண்டீர்கள். உங்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அவரவர் கரையின் குற்றத்தைத்தான் எழுத வேண்டும். அதற்குக் கடைசிப் பதிலை மற்றக் கரைக்காரிதான் எழுத வேண்டும்.

கருவாடு புரட்டிக்கொண்டே நீ வாசிப்பாய். எனக்கு ஒருதரம் கேட்டால் போதும், மனப்பாடமாகிவிடும். ஒருநாள் மீனவர் சங்கத் தலைவர் வந்து நின்று, “பொம்பிளையள் நாடகம் போடப் போனா மீன் ஆர் காய வைக்கிறது?” என்றார்.

“நீங்க காய வையுங்க அண்ணன். வெயில் ஆம்பிளையளுக்கு வேறயா எறிக்கிது?” என்றாய்.

யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் மாதா வேடம் கட்ட மீசை மழித்த அதே தலைவர், எங்களைப் பார்த்துச் சிரித்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இராமேஸ்வரத்துக்காரி எழுதிய நாடகத்தில் அக்கரைப் பெண்ணின் வேடத்தை எனக்குத் தந்தாய். மீன் காலத்துக்கு வடக்கே போய்க் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கியிருந்த வருசம், அக்கரை இழுவைப்படகு எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போனது. அதோடு கடலை வெறுத்து என் மகன் கட்டாருக்குப் போனான். எல்லாம் தெரிந்துதான் தந்தாய்.

“ஏன் மச்சாள், வேற ஆளா இல்ல?”

“கோபம் உனக்குத்தானே இருக்கு. கோபம் இல்லாதவள் சொன்னா அது வெறும் வசனம்.”

நாடகம் பழகும்போது என் கடைசி வசனத்தை நான் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னேன்: “உங்க வலைய அறுத்தது எங்க வீட்டுப் படகுதான். நான் கேட்டேன். அவரு இல்லேன்னு சொல்லல.” உன் பதிலை மட்டும் நீ சொல்லவே இல்லை. கொப்பியிலும் எழுதவில்லை. “மேடையில கேளு. முன்னமே கேட்டா உன்ட முகம் பொய் சொல்லும்,” என்றாய்.

மேடையை இரண்டு கரையாகப் பிரிக்க வலை தேடியபோது அறுந்த என் வலையைக் கொண்டுவந்து தந்தது நான்தான். அறுந்த இடத்தை ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. கோயில் மண்டபத்தில் திரியோடு நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அந்த வெட்டு. அதைப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொண்டது. அந்த அக்கரைக்காரிக்காக நான் ஏன் குற்றத்தை ஏற்க வேண்டும், அவள் வந்து என்னிடம் சொல்லட்டும் என்று நின்றேன்.

நீ காத்திருந்தாய். மெழுகு வலையில் வழிந்தது. உன் விரலிலும் வழிந்திருக்கும். பிறகு திரியை ஊதி அணைத்தாய். நாடகம் அப்படித்தான் முடிகிறது என்று சனம் கைதட்டியது.

வரும் வழியில், “காரியமில்ல மச்சாள்,” என்றாய். ஏசியிருந்தால் நானும் ஏசிவிட்டு, அடுத்த நாள் வந்து தேத்தண்ணி குடித்திருப்பேன். ஏசாததற்காகவே ஒன்பது மாதம் உன்னோடு கதைக்காமல் இருந்தேன். புத்தளம் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உன் தொண்டையில் குழாய். கட்டிலருகே குனிந்து அந்த வசனத்தைச் சொன்னேன், ஒரு சொல் தவறாமல். உன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் உன்னை அடக்கம் செய்தோம்.

போன கிழமை இராமேஸ்வரத்துக்காரி போன் எடுத்தாள். இரண்டு நாடகத்தையும் அங்கே போடப் போகிறாளாம்.

“அக்கா, அவங்க என்ன பதில் எழுதுனாங்க? எங்கிட்ட சொல்லவே இல்ல.”

நடந்ததைச் சொன்னேன். பிறகு அந்த வசனத்தை அவளே எனக்குச் சொன்னாள். “கற்பனை இல்லக்கா. எங்க வீட்டுப் படகு அறுத்த வலை யாரோடதுன்னு தெரியாது. உங்களோடதாவும் இருக்கலாம்,” என்றாள்.

ஏசுவதற்கு இத்தனை வருசம் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் மேடையில் பதில் சொல்ல நீ நின்ற இடத்தில் அப்போது நான் நின்றேன். “எனக்குக் கொஞ்ச நாள் தா தங்கச்சி,” என்று போனை வைத்தேன்.

வலையை மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். மெழுகு பட்ட முழத்தை மட்டும் நானே கத்தியால் அறுத்து எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு நாடகமும் சொல் பிசகாமல் என்னிடம் இருக்கின்றன, உன் பதிலைத் தவிர. தனியே இருக்கும்போது அவள் வசனம் வரைக்கும் சொல்லிப் பார்க்கிறேன். பிறகு உன் உதடு அசைந்தது போல என் உதட்டை அசைத்துப் பார்க்கிறேன்.