இரண்டு பக்கமும் என் பக்கம்

மார்ச் 2, ஞாயிறு

குளியலறையில் துண்டு மாட்டும் ஸ்டீல் கம்பியைக் கழற்றிவிட்டேன். என் மனைவி குளித்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, ஈரத் தலையோடு.

"துண்டை எங்க மாட்டறது, உங்க தோள்லயா?"

நான் வாசலில் உட்கார்ந்து அந்தக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று அவளுக்குத் தெரியும்: பைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தடுப்பாக. போன ஏப்ரலில், மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தொங்கிய பை தொய்ந்துபோய்ப் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. சக்கரம் நின்றது, வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிலிருந்து அவள் இந்த வண்டியில் ஏறவில்லை. பதினொரு மாதம். என்னைத் திட்டவும் இல்லை. எங்கே போனாலும் பஸ்ஸில் போகிறாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மாதக் கடைசியில் அவள் பள்ளிக்கு நான்கு நாள் விடுமுறை. இருவருமாக இந்த வண்டியிலேயே கடற்கரை வரை போய்வர வேண்டும் என்று ஆசை. இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன்.

"பை சக்கரத்துல உரசாதுன்னு காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

கணக்கு டீச்சர், நிரூபணம் கேட்கிறாள். ஆனால் அந்தப் "பார்க்கலாம்" இருக்கிறதே — சம்மதமா, மறுப்பா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடாத சொல்.

மார்ச் 8, சனி

படுதோல்வி.

இரண்டு பைகளிலும் சக்கரத்தைப் பார்த்த பக்கம் முழுக்க அவளே சாக்பீஸ் தேய்த்தாள். பைக்கு ஐந்து கிலோ வெங்காயம். தெருமுனை வேகத்தடையில் ஆறு முறை ஏறி இறங்கச் சொல்லி, ஓரத்தில் கை கட்டி நின்றாள். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன சார், புதுசா லைசென்ஸ் எடுக்கறீங்களா?"

இறங்கிப் பார்த்தால் டயர் ஓரத்தில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. துண்டு மாட்டும் கம்பி துண்டுக்குத்தான் லாயக்கு; நன்றாக உள்வாங்கியிருந்தது. அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் மச்சினன் போன் செய்தான்; அவனுக்கும் அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் வேலையாம். "மாமா, நீங்க வண்டியில பையை மட்டும் ஏத்திட்டு வாங்க. அக்காவை நான் கார்ல கூட்டிட்டு வர்றேன்." நல்ல மனசுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

இனி அரைகுறை வேலை கிடையாது. பத்து எம்.எம். கம்பியில் இரண்டு வளையம். மேலே இண்டிகேட்டர் போல்ட், கீழே ஷாக் அப்சார்பர் போல்ட். வளையம் நான்கு விரல் அகலம் வெளியே தள்ளி நிற்க வேண்டும், பை அதில் சாய்ந்துகொள்ளும். வெல்டருக்கு மாதிரி காட்ட அட்டை வெட்டினேன். அவளும் ஸ்கேலோடு வந்துவிட்டாள். கூப்பிடாமலே.

அளவெடுப்பதற்குள் சண்டை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். எங்களுக்கு இடது என்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இடது. அவள் வகுப்பைப் பார்த்து நிற்பவள். பிள்ளைகளுக்காகத் தன் இடது கையைத் தூக்கி "வலது" என்பாள். வண்டிக்கு முன்னால் நானும் பின்னால் அவளும் நின்று, அவரவர் பங்குக்குத் திருப்பிப் போட்டதில் இடது, வலது இரண்டுக்கும் அர்த்தமே போய்விட்டது.

"இடது வலதே வேண்டாம்," என்றாள். "கட்டில்ல நீங்க படுக்கற பக்கம், நான் படுக்கற பக்கம். முடிஞ்சுது."

இதைவிடத் தெளிவு உண்டா? ஒரே அட்டைதான், திருப்பிப் போட்டால் அடுத்த பக்கத்துக்கு ஆகும். எந்தப் பக்கத்துக் கம்பியோ, அந்தப் பக்கத்தின் எழுத்து வெளியே பார்க்க வேண்டும். ஒரு முகத்தில் நான் எழுதினேன். மறு முகத்தில் அவள் எழுதினாள். வெல்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

வெல்டர் "நாளைக்கு" என்கிறார். நேற்றும் நாளைக்குத்தான்.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கம்பி வந்தது. ஒன்று வண்டியோடு பிறந்ததுபோல் உட்கார்ந்தது. இன்னொன்றை மாட்டினால் வளையம் உள்ளே, சக்கரத்தைப் பார்த்துத் தள்ளுகிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்று. அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு முகத்தில் என் கோணல் எழுத்தில் "என் பக்கம்". மறு முகத்தில் அவளுடைய முத்து முத்தான எழுத்தில் "என் பக்கம்".

"நீ 'உன் பக்கம்'னு எழுதியிருக்கலாம்ல?"

"என் பக்கத்தை நானே எதுக்கு 'உன் பக்கம்'னு எழுதணும்?"

"அப்ப வெல்டர் எப்படிப் புரிஞ்சுப்பார்?"

"அவர்கிட்டயே கேட்போம், யார் மேல தப்புன்னு. எடுங்க வண்டியை."

எடுத்தேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அந்தத் தப்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். என் முதுகோடு வாதாடிக்கொண்டே வந்தாள். முதல் திருப்பத்தில்தான் எனக்கு உறைத்தது — அவள் வண்டியில் இருக்கிறாள்.

தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் சண்டை முடிந்துவிடும், முடிந்தால் கவனம் வந்து இறங்கிவிடுவாள் என்று பயந்து, பட்டறை வரை கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்டதில்லை.

வெல்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு முகத்துலயும் ஒரே எழுத்து. சரி, ரெண்டும் ஒண்ணுதான்னு அடிச்சிட்டேன். ஆளாளுக்கு என் பக்கம்னா நான் யார் பக்கம் பேசறது, டீச்சர்? செயின் பக்கம், சைலன்சர் பக்கம்னு எழுதியிருந்தா வேலை முடிஞ்சுதே."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படித்தவர்கள்.

கிளம்பும்போது அவள் பின்சீட்டைப் பார்த்தாள்.

"நான் இதுலயா வந்தேன்?"

"ஆமா."

"நான் பஸ்ல வந்துடறேன்."

மார்ச் 16, ஞாயிறு

நேற்று ஏறியது கணக்கில் சேருமா, சேராதா? கேட்கத் தைரியமில்லை.

மார்ச் 22, சனி

வெட்டித் திருப்பிப் பற்றவைத்த கம்பி வந்துவிட்டது. மறுபடியும் சாக்பீஸ், மறுபடியும் வெங்காயம். இந்தத் தடவை இருபது முறை. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியே போட்டுவிட்டார்.

அவள் மண்டி போட்டு டயர் முழுக்க விரலால் தடவினாள். விரலை எனக்குக் காட்டினாள். வெறும் கறுப்பு.

"சரி," என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரி."

அப்புறம் உள்ளே போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "வேண்டாம்டா. நீ கார்ல தனியா வா." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயத்தை நானே உள்ளே எடுத்துப் போனேன்.

மார்ச் 29, சனி

விடுதி அறை. ஜன்னல் வழியே கடல். அவள் குளிக்கிறாள்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது, பையைப் பார்க்க. என் சட்டையை இழுத்துப் பிடித்திருந்தாள். அப்புறம் அசைவு நின்றது. "கால் வலிக்குதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். பயந்துவிட்டாளா, வந்ததே தப்பு என்று நினைக்கிறாளா? ஹெல்மெட் என் முதுகில் மெதுவாக இடித்தது. இன்னொரு தடவை இடித்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"தூங்கினியா?"

"கண்ணை மூடியிருந்தேன்," என்றாள், கொட்டாவியோடு.

ஓடுகிற வண்டியில் தூங்கலாமா என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"முகத்தைக் கழுவிக்கோ, இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கு," என்று மட்டும் சொன்னேன்.