கிழிசலை விட்டுத் தைக்கச் சொன்னார்கள்

ஆனி 9, 1997

மருத்துவிச்சி பரீதா மிஸி வந்தார். பை நிறைய ஸ்பொஞ்ச், சிவப்புத் துணி, பழைய சைக்கிள் டியூப். பிள்ளைப்பேற்றில் கிழிந்தால் தைப்பதற்கு டொக்டர் ஞானசேகரம் மருத்துவிச்சிமாரைப் பழக்கப்போகிறாராம். பழக, பெண்களின் அந்த இடம்போல நான் மெஷினில் தைத்துக் கொடுக்கவேணும். கடையில் விற்கிற பழகு பொம்மை வாங்க ஏலாத விலை. நடுவில் கிழிசலைத் திறந்தபடி விடவேணுமாம்.

என் மூத்தவள் கமலேஸ்வரியின் பேரை அவர் எடுக்கவில்லை.

ஆனி 10

சிவப்புத் துணியை வெட்டாமல் திரும்ப மடித்து வைத்தேன். போன வருசம் என் மூத்தவளுக்குக் கிழிந்தபோது பாய் முழுக்க இந்த நிறம். ஆஸ்பத்திரி ரோட்டில் ஆமி விடியும்வரை சாவடியைத் திறக்கவில்லை. அவளும் போனாள், பிள்ளையும் தங்கவில்லை. தைக்கத் தெரிந்த ஒருத்தர் எங்கள் கப்பல்துறையில் இருந்திருந்தால் —

இப்ப இளையவள் பூரணிக்கு மாதம் நெருங்குது. ரோட்டு அதே ரோட்டு.

ஆனி 14

ஹெலி சுற்றுது. பூரணிக்குக் கால் வீக்கம்.

ஆனி 17

முடித்ததை மிஸி எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, எல்லாத்தையும் நீங்களே தைச்சிட்டீங்க. நான் எதைத் தைக்கிற?"

உண்மைதான். ஒன்று விடாமல் கிழிசலை மூடித் தைத்திருக்கிறேன். எப்ப தைத்தேன்? தெரியவே இல்லை.

என் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். கத்தரிக்கோலைத் தந்தார். ஏலாது என்றேன்.

"அப்ப பூரணியிலயா நான் பழகுற?"

வெட்டினேன். ஒன்று மட்டும். மற்றதையெல்லாம் அவரே வெட்டினார்.

ஆடி 2

வகுப்புக்குச் சாமான் கொண்டு போனோம். சாவடியில் பையைக் கொட்டினார்கள். டியூபைக் கண்டதும் ஒருவன் துவக்கைத் தூக்கினான். குண்டுச் சாமான் என்று நினைத்தானாக்கும். மிஸி சிங்களத்தில் இன்னதென்று சொன்னார். அவன் கை சுட்டதுபோல ஸ்பொஞ்சைக் கீழே போட்டான். எடுத்துத் தாங்க தம்பி, அது கடிக்காது என்றாராம். சிரிக்கவும் எனக்குப் பயம்.

ஆடி 9

மிஸி எங்கள் குசினியில் இருந்து தைத்துப் பழகினார். இறுக்கினால் நூல் ஸ்பொஞ்சை அறுத்துக்கொண்டு வருது. திரும்பத் தைத்தார். திரும்பவும் அறுந்துது. பூரணியிலும் இப்படித்தானோ? கடவுளே.

ஆடி 21

நேற்றுப் பின்னேரம் பூரணிக்கு வலி. சீனக்குடாப் பக்கம் வெடிச்சத்தம், ரோட்டுப் பூட்டு. மிஸி ஒழுங்கையால் வந்து சேர்ந்தார்.

பெண்பிள்ளை. கிழிந்தது. அதே நிறம். நான் டோச் பிடித்தேன், வெளிச்சம் ஆடினது.

"என்ட முகத்தைப் பாக்காதீங்கக்கா. ஊசியைப் பாருங்க."

பார்த்தேன். முதலில் உள்பக்கம், பிறகு சதை, கடைசியில் தோல். இறுக்காமல், மெதுவாக. இரத்தம் நின்றது.

விடியப் பூரணி கோப்பி கேட்டாள்.

ஆடி 30

மூதூரிலும் வகுப்பு வைக்கிறார்களாம். ஸ்பொஞ்ச் வந்திருக்கிறது. பக்கத்தில் பூரணி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் நானே வெட்டித் தைத்தேன். ஒன்றின் கிழிசலையும் மூடவில்லை.