பெயர் எழுதாத ஆறாம் பாகம்

பொத்தான் கடைச் சக்கரவர்த்தியே,

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் உன் வீட்டிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அட்டையைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை என்னை அலேக்காகத் தூக்கி, முத்தியால்பேட்டையில் உன் கடை முக்காலியில் உட்கார வைத்துவிட்டது. நம் மர்மத் தொடரின் ஆறாம் பாகம். கடைசிப் பாகம்.

ரயிலே நிற்காத அந்தச் சிற்றூர் நினைவிருக்கிறதா பாய்? பூட்டிக் கிடக்கும் ஸ்டேஷனில் யாரோ விளக்கேற்றுவார்கள். மறுநாள் ஊரில் ஒருவர் குறைவார். முதல் பாகம் படித்த வாரம் என் தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றதில் சலூன்காரரின் இரண்டு சீப்பு உடைந்தது.

வாங்குவது நீ. முதலில் படிப்பதும் நீ. அப்புறம் முதல் பக்கத்தில் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதி நீட்டுவாய்.

"இந்த வாட்டி சத்தியமா உண்மைடா மச்சான்."

"போன வாட்டியும் சத்தியம்தான பண்ண?"

"அது பழைய சத்தியம்."

நான்காம் பாகத்தில் தபால்காரர் என்று எழுதியிருந்தாய். அந்த அப்பாவியை முந்நூறு பக்கம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். கடைசியில் அவரே செத்துப்போனார். வந்து திட்டினேன். லேஸ் அளந்துகொண்டிருந்த நீ சிரித்த சிரிப்பில் அரியாங்குப்பம் ஆறு கரை புரண்டிருக்கும்.

இந்த முறை முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நீல லேஸ் துண்டு. உன் மனைவிக்குப் போன் செய்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாருண்ணே. நான் படிச்சு முடிக்காம அவங்கிட்ட குடுக்காதன்னாரு. இனிமே யாரு முடிக்கப்போறா? நீங்களே வச்சிக்கிங்க."

அப்போதுதான் புரிந்தது. பொய்ப் பெயர் எழுத, உண்மைப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதி, அது தப்பித்தவறி உண்மையாகிவிட்டால்? அந்தப் பாவத்தைச் செய்ய உனக்கு மனம் வரவில்லை.

நூற்றுப் பதின்மூன்று வரை ஒரே மூச்சில் வந்துவிட்டேன். ஸ்டேஷன் கதவு திறக்கிறது. உள்ளே நிற்பது யாரென்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தாக வேண்டும் பாய், அவ்வளவு ஆசை. மூன்று முறை விரலில் எச்சில் தொட்டேன். புரட்ட முடியவில்லை. புரட்டினால் உன்னைத் தாண்டிப் போய்விடுவேன்.

போகிற இடமெல்லாம் அதைப் பையில் தூக்கிக்கொண்டு திரிகிறேன். லேஸ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரைச் சந்தேகப்படுவது என்று சொல்ல நீ இல்லாததால், அந்த ஊரில் மிச்சமிருக்கும் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.