நான் கைகாட்டிய ஏழு நாள்

மார்ச் 3, செவ்வாய்

நகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சாலைப் பிரிவு இன்ஜினியராம். முப்பது வயசு இருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, தோளில் சுருட்டின கறுப்பு ரப்பர் குழாய். தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தவர் என்று நினைத்து, "எங்க வீட்டுக்கு ரெண்டு இணைப்பு குடும்மா. ஒண்ணு குடிக்க, ஒண்ணு எம்பொண்டாட்டி கோவத்த அணைக்க" என்றேன்.

சிரிக்கவில்லை. "ஐயா, இது வண்டிங்க வேகத்த அளக்குற குழாய். உங்க வீட்டம்மா குடுத்த மனுவுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார்.

உள்ளேயிருந்து வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

மனு அவள் எழுதினது. அவள் பத்து படித்தவள். நான் ஐந்தோடு நிறுத்தினவன். வாத்தியாரும் ஒன்றும் வருத்தப்படவில்லை. போன வருஷம் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது நாலு கால் வாக்கர் பிடித்து நடக்கிறாள். எதிர்ச்சாரியில் இருக்கிற நடைப் பயிற்சி நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டும். குறுக்கே ரோடு. போன மாதம் ஒரு வேன் வந்த வேகத்தில் வாக்கரின் முன்காலை உரசிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவள்தான். "போக மாட்டேன்" என்கிறாள். போகாவிட்டால் வாக்கரை இந்த ஜென்மத்தில் விட முடியாது என்கிறார் டாக்டர்.

மார்ச் 4, புதன்

குழாய்க்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். காலை ஏழு மணிக்கே வந்து, ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு குழாயை ஆணியடித்துப் பதித்தார். கூட வந்த ஆட்கள் நிழலில் நிற்க, இவரே மண்டி போட்டுச் சுத்தியல் அடிக்கிறார். குழாய் போய்ச் சேரும் பெட்டியை விளக்குக் கம்பத்தில் பூட்டினார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, என்ன வேகம் — எல்லாம் அதில் விழுமாம். ஏழு நாள் இருக்கும்.

சும்மா விடுவேனா? முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே வேகம் சொல்வேன் என்றேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து நீட்டி, "சொல்லுங்க" என்றார்.

"ஐம்பத்தெட்டு." கருவியில் ஐம்பத்தேழு.

"நாற்பத்தொண்ணு." அச்சாக நாற்பத்தொன்று.

"அப்புறம் குழாய் எதுக்கு? என்னைக் கம்பத்துல கட்டி வெச்சுடேன்."

"உங்க காது நகராட்சி சபையில வந்து சாட்சி சொல்லாதுங்களே ஐயா. தாள்தான் சொல்லும்."

சாமானியப்பட்ட ஆள் இல்லை.

பிறகு வீட்டம்மாவை ஒருதடவை ரோட்டைக் கடந்து காட்டச் சொன்னார். அவள் பயந்தாள். குழாய்க்காரம்மா தானே நடு ரோட்டில் போய் நின்று, இடது கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார். வலது கையில் கடிகாரம். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவள் கடந்து முடிக்க இருபத்துநாலு விநாடி ஆயிற்று.

"சீக்கிரம் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா" என்றாள் இவள், வீட்டுக்குள் வந்து. நான் சொல்வேன். அதைத்தான் குத்திக் காட்டுகிறாள்.

மார்ச் 6, வெள்ளி

குழாய் பதித்த அன்றைக்கே நாற்காலியை வாசலுக்கு வெளியே, வளைவு தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டேன். நல்ல பொழுதுபோக்கு. வருகிற டிரைவருக்கெல்லாம் கையைக் கவிழ்த்து இரண்டு தரம் கீழே அமுக்கிக் காட்டுகிறேன். லாரிக்காரர்களுக்குள் இது பழைய பாஷை: ‘முன்னால செக்கிங், மெதுவா போ.’ அந்தக் காலத்தில் எனக்கு எத்தனை பேர் காட்டியிருப்பார்கள்! சக டிரைவர் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அவன் என்ன டிரைவர்?

எல்லாரும் பிரேக் போடுகிறார்கள். ஒரு லாரிக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துத் தையற்கடைக்காரர், "என்னண்ணே, போக்குவரத்து மந்திரி ஆயிட்டீங்க போல?" என்றார்.

"உனக்கும் ஒரு பதவி தர்றேன். எனக்கு டீ வாங்கிட்டு வர்ற பதவி" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

அசந்து தூங்கிவிட்டேன். பதினோரு மணிக்குத்தான் நாற்காலி.

மார்ச் 11, புதன்

குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தெரு வெறிச்சென்று இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

குழாய்க்காரம்மா வந்தார். முகம் சரியில்லை. வீட்டம்மாவிடம்தான் பேசினார்.

"அம்மா, சராசரி வேகம் முப்பத்தாறுன்னு வந்திருக்கு. இங்க இருக்குற வரம்பு ஐம்பது. நாற்பத்தஞ்சுக்கு மேல காட்டினாத்தான் வரம்பக் குறைக்கச் சொல்லி நான் சபையில கேக்க முடியும். இந்தத் தாள வெச்சா மனுவத் தள்ளிடுவாங்க."

இவள், "நீ என்னம்மா பண்ணுவ" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.



முப்பத்தாறு! எப்படி வரும்? இந்த ரோட்டில் — ஐயோ. நான்தான். நான்தானே கையக் காட்டினேன். ஏழு நாளும் உக்காந்து, சிரிச்சுக்கிட்டே, டீ குடிச்சுக்கிட்டே, எம்பொண்டாட்டி மனுவ நானே கிழிச்சுப் போட்டிருக்கேனே. செக்கிங்குன்னதும் கை தன்னால போயிருச்சு. யாருக்கு எதிரா செக்கிங், யாருக்காக செக்கிங்னு யோசிச்சேனா? அறுவத்தொம்பது வயசு. மண்டைக்குள்ள என்னடா இருக்கு உனக்கு?

சாப்பிடப் பிடிக்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது அதைவிட மோசம்.

மார்ச் 18, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். மாடியில் மூலை அறை. சுவர் முழுக்கத் தெருப்படங்கள், ஒவ்வொன்றிலும் பென்சில் குறி. மேஜைக்கு அடியில் என் சிநேகிதர்களான ரப்பர் குழாய்கள். ஆனால் வேடிக்கை பேச வாய் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். "உக்காருங்க ஐயா" என்றார். ஒரு நீளத் தாளை விரித்தார். "எந்த நேரத்துல உக்காந்திருந்தீங்க?"

"காலையில எட்டுலேர்ந்து பன்னெண்டு. சாயங்காலம் நாலுலேர்ந்து ஏழு."

விரலை வைத்து மணிக்கணக்காக ஓட்டினார். எட்டு மணியிலிருந்து இருபத்தொன்பது, முப்பது, இருபத்தெட்டு. பன்னிரண்டு மணிக்கு மேல் ஐம்பத்தைந்து. நாலு மணிக்கு மறுபடி முப்பது.

"இங்க சாப்பிடப் போயிருக்கீங்க" என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தார். "அன்னிக்குத் தூங்கிட்டீங்களா?"

என் வாழ்க்கையில் எந்த முதலாளியும் என்னை இப்படிக் கண்டுபிடித்ததில்லை.

"வண்டி அதிகமா ஓடுற நேரம் பூரா நீங்கதான் இருந்திருக்கீங்க. ஏதோ சரியில்லன்னு எனக்கும் தோணுச்சு. காரணம் தெரியாம நம்பர மாத்திச் சொல்றவ நான் இல்ல."

"இப்போ தெரிஞ்சிருச்சே. என் நேரத்த மட்டும் அடிச்சிட்டு மிச்சத்தக் குடுத்துடேம்மா."

"அது அரைத்தாள் ஐயா. அரைத்தாள குடுத்தா முழுசா சந்தேகப்படுவாங்க. திரும்ப அளக்கணும். நீங்க செஞ்சத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். சபையில எல்லார் முன்னாடியும் படிப்பேன். சம்மதமா?"

எழுத்துப்பிழை எத்தனை இருந்ததோ. எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து இவளிடமும் சொன்னேன். "ஏங்க, நாப்பத்திரண்டு வருஷமா என்கிட்ட ஒரு வேலைய முழுசா செஞ்சதில்ல. இத மட்டும் ஏழு நாளும் லீவு போடாம செஞ்சிருக்கீங்க" என்றாள்.



மார்ச் 24, செவ்வாய்

குழாய் மறுபடி பதித்தாயிற்று. எனக்கு வீட்டுச் சிறை. பின்கட்டை விட்டு வரக்கூடாது. ஜன்னலும் கிடையாது. வீட்டம்மா வாக்கரைக் குறுக்கே போட்டுக் காவல் இருக்கிறாள்.

தையற்கடைக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து, "அண்ணே, மந்திரி பதவி போயிடுச்சா?" என்று கத்துகிறார்.

"வெங்காயம் உரிக்கிற இலாகாவுக்கு மாத்திட்டாங்கப்பா" என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

சராசரி ஐம்பத்தாறு.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று சபை. பெரிய மண்டபம், காற்றாடி மூன்றில் ஒன்று ஓடவில்லை. நானும் இவளும் கடைசி வரிசை.

குழாய்க்காரம்மா இரண்டு தாளையும் வைத்து, வேக வரம்பை முப்பதாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். மறைக்கவே இல்லை. என் கடிதத்தை அப்படியே படித்தார். "நான்தான் கைகாட்டி எல்லாத்தையும் கெடுத்தேன்" என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. என் காது சுட்டது. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளும் சிரித்தாள்.

சொந்தமாகப் பத்து லாரி வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "ஒரு தாத்தா விளையாட்டுக்கு நாம ரோட்ட அடைக்கணுமா? முப்பதுல போறதுக்கு அது லாரியா, ஊர்வலமா?"

நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். குழாய்க்காரம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"வளைவுலேர்ந்து கடக்குற இடம் வரைக்கும் நூத்தி நாப்பது மீட்டர். ஐம்பத்தாறுல வர்ற வண்டி அத ஒம்போது விநாடியில தாண்டிடும். அந்தம்மாவுக்கு ரோட்டக் கடக்க இருபத்துநாலு விநாடி வேணும். நடுவுல நின்னு போக ஒரு மேடை போட்டா, பாதிக்குப் பன்னெண்டு. அப்பவும் மூணு விநாடி போதல. முப்பதுல வந்தா பதினாறு கிடைக்கும். அதனாலதான் மேடையும் வேணும், முப்பதும் வேணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் குடுத்தா பிரயோஜனம் இல்ல."

"முப்பதுன்னு பலகை வெச்சா எவன் கேப்பான்?"

"முதல் தாளைப் பாருங்க. ஒரு பெரியவர் கையக் காட்டினதுக்கே இருபத்தொம்பதுக்கு வந்திருக்காங்க. சொன்னா கேக்குற டிரைவருங்கதான். நாமதான் இத்தன நாளா சொல்லல."

உறுப்பினர் தாளைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். உட்கார்ந்துவிட்டார்.

நான் கெடுத்த தாள்! கசக்கிப் போட வேண்டியதை எடுத்து, நீவி விட்டு, அதையே சாட்சிக்கு நிறுத்திவிட்டாரே. அதுவும் ஒரு பொய் கலக்காமல். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மையாக இருந்துகொண்டே கெட்டிக்காரராக இருப்பவரை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆறு மாதத்துக்குச் சோதனையாக முப்பது, நடுவில் மேடை. ஒன்பது பேர் கை தூக்கினார்கள், நாலு பேர் தூக்கவில்லை.

வெளியே வந்து, "கும்பிடணும்போல இருக்கும்மா" என்றேன்.

"கை மட்டும் காட்டிடாதீங்க ஐயா" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

மே 12, செவ்வாய்

மேடை வேலை. ரோடெல்லாம் தூசி. குழாய்க்காரம்மா அளவு நாடாவைப் பிடித்து, ஓரத்து இறக்கத்தை இரண்டு தரம் உடைத்துப் போடச் சொன்னார். வாக்கரின் கால் தட்டுகிறதாம். மேஸ்திரி முணுமுணுத்தார். நான் அவரிடம் போய், "எங்கிட்டயும் இப்படித்தான். பழகிடும்" என்றேன்.

மே 25, திங்கள்

இவள் பயிற்சிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். என் கையை உடைக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

ஜூன் 1, திங்கள்

கையை விட்டுவிட்டாள்.

ஜூன் 19, வெள்ளி

இன்று நீங்கள் வர வேண்டாம், நானே போகிறேன் என்றாள். வாசலில் நின்று பார்த்தேன். பாதி ரோடு போய் மேடை ஏறினாள். அந்தப் பக்கத்திலிருந்து குழாய்க்காரம்மா வந்தார், ஏதோ அளவு பார்க்க. இரண்டு பேரும் மேடையில் சந்தித்துக்கொண்டார்கள். பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் மெல்லப் போகின்றன, வருகின்றன. இவள் வாக்கர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி, சாவகாசமாகப் பேசுகிறாள். நடு ரோட்டில்!

பத்து நிமிஷம் ஆயிற்று. பொறுக்கவில்லை.

"பயிற்சிக்கு நேரமாச்சு! சீக்கிரம் போ!" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குழாய்க்காரம்மா ஏதோ சொல்ல, இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இருங்க, பேசிட்டுப் போறேன்" என்றாள், அங்கிருந்தே.