அப்பா கட்டிய ஓலையும் சித்தப்பா தூக்கிவந்த கிழங்கும்

அன்பு மகன் ஹூரிக்கு அம்மா எழுதுவது. நம் வீட்டுப் பெரிய பன்றியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். பன்றிக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் காரணம் நீதான்.

புதுக் கிழங்குத் திருநாளில் எல்லா வீட்டுக் கூடையும் பீடத்துக்கு வந்து சேர்ந்தால்தானே ஊரில் யாரும் வள்ளிக்கிழங்கில் வாய் வைக்க முடியும், தூரத்தில் இருப்பவர்கள் பேரிலும் ஆளுக்கொன்று வைப்போமே. நீ போய் மூன்று அறுவடை ஆகிவிட்டது, போனில் பேசியே இரண்டு மாதம். காவா வேரை இடித்துச் சாறு குடிக்கிற இடத்தில் உன் போயே சித்தப்பா, "ஆப்பிள் பறிக்கப் போனவனுக்குக் கிழங்கு எதுக்குண்ணே, ஒரு ஆப்பிளை வச்சா போதும், அவன் நம்மளை மறந்தே போயிட்டான்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பாவுக்கு எங்கே சுட்டதோ, சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, சித்தப்பா வீட்டுக்குப் போகும் ஓடைப் பாதையில் தடை என்று நமேலே ஓலையைக் குறுக்கே கட்டிவிட்டார். அதை அவிழ்க்கப் பன்றி கொடுக்க வேண்டும், அதுவரை கட்டியவரே ஆனாலும் தாண்டக்கூடாது. கோபத்தில் மனுஷர் ஒன்றை மறந்துவிட்டார், அவருடைய காவாச் செடி அத்தனையும் ஓலைக்கு அந்தப் பக்கம்!

மூன்று வாரம் காவா இல்லாமல் அவரோடு குடித்தனம் நடத்தியது நான், எனக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். சித்தப்பா வீட்டார் கோயிலுக்கு வர வழியில்லை, சுற்றுப்பாதையைப் போன புயலே தின்றுவிட்டது. ஃபாதர் என்ன செய்வார், ஓலைப் பக்கத்திலேயே நின்று பூசை வைத்தார். இந்தப் பக்கம் நாங்கள் பாட அந்தப் பக்கம் அவர்கள் இன்னும் உரக்கப் பாட, போட்டி முற்றி ஃபாதர் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு கூடை குறைகிறதே என்று திருநாளைத் தள்ளிவைத்ததால் ஊரில் ஒரு வீடும் புதுக் கிழங்கைத் தொடவில்லை. எல்லோரும் டின் மீனும் சோறும் தின்றுகொண்டு அப்பாவை முறைத்தார்கள், ஆனாலும் யாரும் திருட்டுத்தனமாய் ஒரு கிழங்கு சுடவில்லை. நான்கூட மோந்து பார்த்ததோடு சரி.

தள்ளிவைத்த திருநாளும் வந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஓலைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா நிற்கிறார், தோளில் குழந்தை உயரக் கிழங்கு ஒன்று. என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணி, எங்க கூடை வராட்டியும் பரவாயில்ல, இது ஹூரி பேர்ல வைக்கிறது. தாண்ட முடியாது, அண்ணனை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னேன். அப்பா நேரே கொட்டிலுக்குப் போய், உன் கல்யாணத்துக்கென்று ஏழு வருஷம் வளர்த்த, கோரைப்பல் சுருண்ட பன்றியை அவிழ்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பன்றிக்காக இல்லை.

அதைச் சித்தப்பாவுக்குக் கொடுத்து ஓலையை அவிழ்த்ததும் அவரும் பதிலுக்குத் தன் பன்றியைக் கொடுத்துவிட்டார், ஆகவே உன் கல்யாணத்துக்குக் குறை இல்லை. என்ன, உன் பன்றி கூப்பிட்டால் வரும், இது சித்தப்பா மாதிரியே முரண்டு பிடிக்கிறது. பீடத்தில் உன் பேரைச் சொல்லும் முறை வந்ததும் அப்பா ஒதுங்கித் தம்பியை முன்னே தள்ளினார். சித்தப்பாதான் சொன்னார்.

உன் கிழங்கை நான் சமைக்கவில்லை, கிழங்குக் குடிலில் வைத்திருக்கிறேன். ஐந்து மாதம் தாங்கும், அதற்குமேல் முளைவிட்டுவிடும். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், நம் முன்னோர் உன் வழியில் நிற்கட்டும். குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். போன் பண்ணும்போது முதலில் சித்தப்பாவுக்குப் பண்ணு, எங்களுக்கு அப்புறம்.

உன் வரவுக்காகக் கிழங்கைக் காவல் காக்கும்,
அம்மா மாபோன்