நீ தாழ்த்திய கார்

என் கூடப்பிறந்த கணேசா,

நீ போன பிறகு அடுத்த சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். ஊரே குளிக்கப் போகிறது. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை.

பழைய கார்தானே வாங்கினாய், ஓடினால் போதாதா? தரையோடு ஒட்டிப் போனால்தான் கார் என்று உனக்கு யார் சொன்னது? அதற்கென்று விற்கிற ஸ்பிரிங் செட் வாங்க வசதியில்லை, பொறுத்திருக்க மனமும் இல்லை. ஆலங்குளத்துப் பட்டறையில், சக்கரத்துக்கு மேல் காரைத் தாங்கியிருந்த ஸ்பிரிங்கையே இரும்பு அறுக்கும் கிரைண்டரில் அறுத்துக் குட்டையாக்கி மாட்டிக்கொண்டு வந்தாய்.

"பாத்தியாக்கா, புலி பதுங்குன மாதிரி இருக்குல்லா?"

"ஏலே, உன் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கா. இது தூக்கித் தூக்கிப் போடுமேலே" என்றேன். சிரித்தாய்.

ஜோதியைப் பரிசோதனைக்காகக் கடையத்திலிருந்து தென்காசிக்குக் கூட்டிப்போன அன்று நானும் கூட வந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில், "நிறுத்துங்க, நான் பஸ்ல வாரேன்" என்று இறங்கிவிட்டாள். நானும் அவளும் பஸ்ஸில் போனோம். நீ தனியாகப் பின்னாலேயே வந்தாய். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தவள், "கட்டுனவ ஏற முடியாத கார் எதுக்கு மதினி?" என்றாள். அப்போதுகூட உனக்கு உறைக்கவில்லையே, ஏன்?

கொஞ்ச நாளில் உன் சேக்காளி பாபுவோடு குற்றாலம் போனாய். ஈர ரோடு. வளைவில் ஒரு குழி. சக்கரம் அதில் இறங்கியதும் குட்டை ஸ்பிரிங் இடம்விட்டு நழுவியதாம். கார் உன் கைக்கு அடங்காமல் பாலச்சுவரில் மோதியது. பாபு கை முறிந்து பிழைத்தான். உன் உயிர் ஆஸ்பத்திரிவரைகூடத் தாங்கவில்லை.

அப்பா பட்டறைக்குப் போய்க் கேட்டார். "அவரு கேட்டாரு, அறுத்தோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் அடுத்த வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். உன் மூக்கு.

போன வாரம் பாபு வந்தான். அவனும் ஒரு பழைய கார் வாங்கி, அதே மாதிரி அறுத்துத் தாழ்த்தியிருக்கிறான். பின்கண்ணாடியில் உன் படம், கீழே 'மறக்க மாட்டோம் அண்ணே'. ஜோதியிடம் கேட்டான்:

"மதினி, அண்ணன் காரோட வீல் நாலும் சும்மாதான கிடக்கு? அவரு நெனப்பா நான் மாட்டிக்கிடுதேன்."

ஜோதி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"உன் பொண்டாட்டி மாசமாத்தான இருக்கா?"

"ஆமா மதினி."

"அவள இங்கன கூட்டிட்டு வா. நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாள் பூரா பாக்கட்டும். பாத்துட்டு அவ கேட்டா தாரேன்."

அவன் தலை குனிந்து போனான். இன்றுவரை அவளைக் கூட்டி வரவில்லை. ஸ்பிரிங்கை மாற்றவும் இல்லை.

நேற்று உன் காரை வீலோடு சேர்த்து எடைக்குப் போட்டோம். பழைய இரும்புக்காரனைக் கூட்டி வந்தவர் அப்பாதான்.

வளர்ந்ததும் உன் மகள், அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்பாள். விதி என்று யாரும் அவளிடம் சொல்ல விடமாட்டேன். அழகுக்காக அறுத்தான், அதனால் செத்தான் என்று நானே சொல்வேன். அழாமல் சொல்வேன்.

உன் அக்கா,
பேச்சியம்மாள்