நூர்ஜகானுக்குப் பிடிக்காத பொம்மை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். காற்று இல்லை. சூளைப் பக்கம் போனவன் வெந்துதான் திரும்புகிறான்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு பொம்மையை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துவந்து, அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அதைக் கையில் பிடித்தபடி கண்ணாடி முன்னால் நின்றேன். வயிற்றை இழுத்துப் பார்த்தேன். விட்டுப் பார்த்தேன். விட்டால்தான் ஒத்துப்போகிறது.

திருடவில்லை. வளர்மதியைக் கேட்டுத்தான் எடுத்தேன். பொம்மைக்கு அச்சு செய்கிறவள் அவள். வர்ணம் அடிக்கிறவன் நான். கொலுவுக்குப் புது செட்டு போட்டிருக்கிறாள், ‘தெரு ஜனம்’ என்று. பூக்காரி. டீ மாஸ்டர். போஸ்ட்மேன். செல்போன் பார்க்கிற ஐயர். கடைசியில் ஒரு பாய். தொப்பி, கைலி, தொந்தி, கையில் கரண்டி, முன்னால் பிரியாணி தேக்சா, வாய் கொள்ளாத சிரிப்பு. இடது தோள் இறங்கியிருக்கிறது. வர்ணத்துக்கு வருமுன் மண் மூட்டை தூக்கித் தூக்கி இறங்கிய தோள். எங்கள் கம்பெனியில் அது எனக்கு மட்டும்தான்.

யாரம்மா இந்த அழகன் என்று கேட்டேன்.

"நாள் பூரா எதிர்ல நின்னுகிட்டு வம்பு இழுக்கறீங்க. வேற யார் மூஞ்சி பாய் எனக்கு வரும்?" என்றாள்.

என் மூஞ்சியில் ஒரு பொம்மை என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். பிரியாணிதான் இடிக்கிறது. நான் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும்.

இத்தனை வருஷமாகப் பொம்மைக்குக் கண் எழுதுகிறேன், வீட்டில் ஒரு பொம்மை கிடையாது. உருவம் இருந்தால் மலக்குகள், அதாவது வானத்துத் தூதர்கள், வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்பாள் நூ. (நூர்ஜகான், என் சம்சாரம். முழுப் பெயர் எழுதுவதற்குள் கை வலிக்கிறது. அஞ்சாம் வகுப்புக் கை.) அதனால் பொம்மையை மறுபடி டிபன் பாக்ஸிலேயே போட்டு மூடினேன். டிபன் பாக்ஸ் கழுவுகிறவள் யார் என்று யோசிக்கவில்லை.

13, புதன்

காலையில் பொம்மை வாசல்படிக்கு வெளியே, செருப்புக்குப் பக்கத்தில். முகம் ரோட்டைப் பார்த்து.

நூ. திட்டவில்லை. திட்டினால் எனக்குப் பொழுது போகும். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "நம்மளப் பாத்தா ஏங்க எல்லாருக்கும் சோத்துப் பானைதான் ஞாபகம் வருது?" என்று கேட்டாள். உன் மூஞ்சியை வைக்கவில்லையே, சந்தோஷப்படு என்றேன். சிரிக்கவில்லை.

அப்புறம் அவளாகவே சொன்னாள். போன மாசம் வேப்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா இவள் பேர்கூடக் கேட்கவில்லையாம். பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்பச் சொன்னாளாம். முன்பு நாங்கள் வாடகைக்கு வீடு தேடினபோது, மாடி காலி என்று போர்டு தொங்கின வீட்டுக்காரர், இவள் புர்காவைப் பார்த்ததும் ஆள் வந்துவிட்டது என்றாரே, அதையும் சொன்னாள். அன்றைக்கு நான், ஆள் வந்துவிட்டது, நாம்தான் அந்த ஆள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். நான் சிரித்து மறந்ததை எல்லாம் இவள் மறக்காமல் வைத்திருக்கிறாள். எனக்கு இது தெரியாது.

கம்பெனியில் இன்றும் பிள்ளையார். சதுர்த்திக்கு ஆர்டர். காதின் உள்பக்கம் ரோஸ் அடித்து அடித்து என் விரலும் ரோஸ்.

சாயங்காலம் யூசுப் வந்தான். நூ.வின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. யாரோ பாய் பொம்மையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அவன் முகம் சிவந்து கிடந்தது.

"உங்க கம்பெனியிலயே நம்மள கேலி பண்றாங்க. நீங்க அதுக்குப் பெயிண்ட் வேற அடிக்கறீங்க மச்சான்" என்றான்.

பெயிண்ட் இல்லைடா, சூளையில் சுட்ட வர்ணம், உன் ஆயுசுக்கும் போகாது என்றேன். இவனும் சிரிக்கவில்லை. ஒரே நாளில் ஒரே குடும்பத்தில் இரண்டு பேர்.

மனசு புண்படுகிறதாம். சனிக்கிழமை ஆட்களோடு வந்து முதலாளியைப் பார்க்கப் போகிறானாம். அச்சை உடைக்க வேண்டும், செய்தவளை வேலையை விட்டு நிறுத்த வேண்டும். கெட்டவன் இல்லை யூசுப். ஆற்றில் வெள்ளம் வந்தபோது சாதி மதம் பார்க்காமல் வீடு வீடாகத் தண்ணீர் கேன் தூக்கினவன். அதனால்தான் பயமாக இருக்கிறது. அவன் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள்.

14, வியாழன்

சர்க்கரை மாத்திரை தீர்ந்தது. கத்தரிக்காய் சொத்தை. குடைக் கம்பி போச்சு.

மத்தியானம் கோயில் தெருவிலிருந்து இரண்டு பேர் கம்பெனிக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஐயர் பொம்மை பிடிக்கவில்லை. ஐயர் கையில் செல்போன் எதற்கு என்றார்கள். முதலாளி அவர்களுக்கு டீ சொன்னார். டீ வருவதற்குள் சட்டை முழுக்க அவருக்கு வேர்வை. அந்தப் பக்கம் யூசுப் போன் போட்டிருக்கிறான், இந்தப் பக்கம் இவர்கள். இரண்டு பக்கமும் ஒரே வார்த்தை, மனசு புண்படுகிறது. இதிலாவது ஒற்றுமை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். முதலாளி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் வளர்மதியைக் கூப்பிட்டார். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அந்த செட்டு அச்சு பூராவையும் உடைத்துவிடுவது, திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவேண்டாம். அவருக்கும் இஷ்டம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

வளர்மதி அழவில்லை. அச்சுகளை ஒவ்வொன்றாகக் கோணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இடுப்பு உடைந்து படுத்தபடி. இவள் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிகிறது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் வரவில்லை.

"நான் யாரையும் திட்டி செய்யல பாய். பாத்தத செஞ்சேன். உங்களுக்குக் கோவமா?" என்று கேட்டாள்.

தொந்தி மட்டும் கொஞ்சம் பெரிசு என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் பிள்ளையாரிடம் போய்விட்டேன்.

சாப்பிடும்போது நூ.விடம் சொன்னேன். குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அவளை நிறுத்தறாங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். நான் ரசம் கேட்டேன், மோரை ஊற்றினாள்.

15, வெள்ளி

லீவு. கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். லேசான தூறல். ஜும்மா தொழுகை முடிந்து யூசுப் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மீன் குழம்பு.

பள்ளிவாசல் வாசலில் பேசிவிட்டானாம், ஆட்கள் வருகிறார்களாம். "அக்கா, நீயும் வா. பொம்பளைங்க வந்து சொன்னா முதலாளி மறுபேச்சு பேசமாட்டாரு" என்றான்.

வரேன் என்றாள் நூ. எனக்கு முள் சிக்கிக்கொண்டது. நான் இருமுவதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"எனக்கும் அந்தப் பொம்மை புடிக்கல. உன்னைவிட எனக்குத்தான் ஜாஸ்தி வலிக்குது" என்றாள். யூசுப் முகத்தில் வெளிச்சம். அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்துவிட்டு, "போன வருஷம் மதரஸா ஆண்டு விழாவுல நான் கேட்டது ஞாபகம் இருக்குதா யூசுப்பு?" என்றாள். அவன் தலை தட்டுக்குள் போய்விட்டது.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹாலுக்கு இரண்டு தடவை கம்பளம் வாங்கினார்கள், பிள்ளைகள் ஓதுகிற அறையில் ஃபேன் ஏன் ஓடவில்லை என்று பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து கேட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். பெரியவர்கள் மனசு புண்பட்டுவிட்டது, மன்னிப்புக் கேட்கச் சொல் என்று என்னிடம் வந்து சொன்னவன் இதே யூசுப்தான். நானும் சொன்னேன், கேட்டுவிடேன் என்று. அவள் கேட்கவில்லை. மூன்று மாசம் எந்த விசேஷத்துக்கும் எங்களுக்கு அழைப்பு இல்லை. அதற்குள் ஃபேன் ஓடிவிட்டது.

நாளைக்கு என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "தெரியல, அங்க போனா வரும்" என்றாள். மனுஷிக்குப் பயம் என்று ஒன்று கிடையாதா என்று பார்த்தால், தோலைச் சட்டியில் போட்டு வெங்காயத்தைக் குப்பையில் எறிகிறாள்.

16, சனி

காலையில் புழுக்கம், பத்து மணிக்கு மேல் மேகம். நூ.வை டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

கம்பெனி முற்றத்தில் பெஞ்சு மேல் அச்சுகள். பக்கத்தில் சுத்தியல். முதலாளி. யூசுப்பும் அவன் ஆட்களும் ஒரு பக்கம். கோயில் தெருக்காரர்கள் இரண்டு பேர் வேப்பமரத்துப் பக்கம். வளர்மதி தண்ணீர்த் தொட்டி ஓரம். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் பிள்ளையார் பலகை பக்கத்தில்.

யூசுப் ஒழுங்காகத்தான் பேசினான். கேலி செய்தே எங்களை இந்த ஊரில் சின்னவர்களாக்கிவிட்டார்கள் என்றான். பொய் இல்லை அது. அக்காவும் சொல்லட்டும் என்றான்.

நூ. முதலாளியிடம் போகவில்லை. நேரே தொட்டிக்குப் போனாள். "வளர்மதி, பொம்மை எனக்குப் புடிக்கல. என் வூட்டு நடைக்கு உள்ள வெக்கமாட்டேன். யாரும் வாங்காதீங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்" என்றாள். வளர்மதி, சரிக்கா என்றாள். வேறு என்ன சொல்வாள்.

அப்புறம்தான் யூசுப் பக்கம் திரும்பினாள்.

"நான் ஃபேன் கேட்டப்ப மனசு புண்படுதுன்னு என் வாய மூடச் சொன்னீங்க. நான் மூடல. இப்ப அதே வார்த்தைய சொல்லி இவ கையக் கட்டச் சொல்றீங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு உங்க கூட நிக்கறது?"

முதலாளி குழம்பிப்போய், பிடிக்கவில்லை என்கிறீர்கள், உடைக்கவும் வேண்டாம் என்கிறீர்கள், என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்றார்.

"வேலையப் பாக்கச் சொல்றேன்" என்றாள்.

முதலாளி சுத்தியலை எடுத்தார். எடுத்து ஷெட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துவிடு என்று வளர்மதியிடம் சொன்னார், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து.

யூசுப்புக்கு இன்னும் கோபம்தான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் டீக்கடைக்கு நகர்ந்தபிறகும் நின்றான். பாய் என்றால் கரண்டி மட்டும்தானா என்று வளர்மதியைக் கேட்டான். அவள் யோசித்துவிட்டு, "நீங்க கடையில போன் ரிப்பேர் பண்ற மாதிரி ஒண்ணு செய்யட்டுங்களா?" என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்றான். வண்டி வரைக்கும் போனான். திரும்பி வந்து, செய்தால் தாடியை ஒழுங்காகச் செய்யச் சொன்னான். கோயில் தெருக்காரர்கள் சதுர்த்தி போகட்டும், பேசிக்கொள்ளலாம் என்று போனார்கள். முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வளர்மதி கோணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன், பின்னால் ஆடினது, ஏறிவிட்டாள் என்று கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததை எல்லாம் பாலக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். உன்னை மாதிரி ஆள் இந்த ஊரில் இல்லை என்றேன். அன்றைக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னது என் தப்பு என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தப்பிக்கிறவன், நீ நின்று பேசுகிறவள் என்றேன். பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

பாலக்கரையில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர், யாருகிட்ட பேசிட்டு வரீங்க பாய் என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் யாரும் இல்லை.

கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். நூ. வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஏறினாள். அதை எல்லாம் திரும்பச் சொல்ல வரவில்லை. ராத்திரிக்கு உப்புமா.